மழைக்கு முன் விதைத்தல்

ஆவணிக் கடைசி

முதுகுளத்தூர் பக்கம் நெல்லைப் புழுதியில் விதைக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் முதல்முறையாக இதைப் பார்த்தால் நம்பமாட்டார். சேறு இல்லை, நாற்றங்கால் இல்லை, வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கோடை மழையில் உழுது போட்ட நிலம் வெயிலில் காய்ந்து பொடியாகிக் கிடக்கிறது. அதில் விதை நெல்லைக் கையால் வீசி விதைத்து, மேலாக ஓர் உழவு ஓட்டி மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வானத்தில் பேருக்குக்கூட மேகம் கிடையாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு இயல்பான தேதி என்று வானிலைத் துறை சொல்வது அக்டோபர் 20. விதைப்பு நடப்பது அதற்குப் பல வாரங்கள் முன்னால்.

“மழை பேஞ்ச பெறகு விதைச்சா என்ன சித்தப்பா?”

“பேஞ்ச பெறகு உழுது, அதுக்குப் பெறகு விதைச்சா மொத மழை வீணாப் போயிரும்ப்பா. இங்க பேயிறதே நாலு மழை. அதுல ஒண்ணை விட்டுட்டா அப்புறம் என்ன இருக்கு?”

இந்தப் பதிலைத்தான் இன்று முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன். தெரியாத ஒன்றின் முன்னால் நிற்கும்போது, காத்திருப்பது பாதுகாப்பு என்று மனம் சொல்கிறது. இன்னும் கொஞ்சம் விசாரிப்போம், நிலைமை தெளிவாகட்டும், அப்புறம் இறங்கலாம். வேலை மாறுவதானாலும் சரி, ஊர் மாறுவதானாலும் சரி, ஒருவரிடம் மனதைத் திறந்து பேசுவதானாலும் சரி, இதே பேச்சுதான். ஆனால் காத்திருப்பதும் செலவுதான். தெளிவு வந்து சேரும்போது நிலத்தில் ஈரம் போயிருக்கும். கண்மாய் நிறைந்த பிறகுதான் இறங்குவேன் என்றால் இந்த மண்ணில் விவசாயமே நடக்காது. இவர்கள் மழையை நம்பி விதைக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பார்த்தவரையில் அப்படித் தோன்றவில்லை. மழை வருமா வராதா என்பது தெரியாது என்பதை முழுக்கத் தெரிந்துகொண்டுதான் விதைக்கிறார்கள்.

புரட்டாசி, வயல்

காலையில் சித்தப்பாவோடு வயலுக்குப் போனேன். வரப்பிலிருந்து இரண்டு எட்டு உள்ளே போய்க் குந்தி உட்கார்ந்து, விரலால் புழுதியைக் கிளறினார். இரண்டு விரற்கடை ஆழத்தில் நெல் கிடந்தது. மூடியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. உமியின் வரிகளில் மட்டும் செம்பழுப்பு மண் ஏறியிருந்தது. ஒன்றை எடுத்து ஊதி, பல்லில் வைத்துக் கடித்தார். ‘டக்’கென்று உடைந்தது. ஈரம் ஏறியிருந்தால் நசுங்கும், உடையாது. “உசுரு இருக்கு” என்றார். இன்னொரு நெல்லை எடுத்துப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்து, மேலே புழுதியைத் தள்ளி உள்ளங்கையால் தடவிச் சமன்செய்தார்.

பக்கத்தில் எறும்புகள் சாரையாக நெல்லை இழுத்துக்கொண்டு போயின. அதைப் பார்த்தார், ஒன்றும் செய்யவில்லை. “அதுக்கும் சேத்துத்தானே விதைச்சது.”

மழையே வராமல் போவதுதான் அவருடைய பெரிய பயம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது இல்லையாம். மழை வராவிட்டால் விதை சும்மா கிடக்கும்; பெருமழை வந்தால் முளைத்து எழுந்துவிடும். அரைகுறை மழைதான் ஆபத்து. ஒரு தூறல் விழுந்து விதையை எழுப்பிவிட்டு, பிறகு பத்துப் பதினைந்து நாள் வெயில் காய்ந்தால் போச்சு. வேர் வெளியே வந்துவிட்ட விதைக்குத் திரும்பிப் போக வழியில்லை.

இவ்வளவும் தெரிந்தவருக்குப் பயம் இல்லாமல் இருக்குமா? இருக்கிறது. ராத்திரியில் இரண்டு முறை எழுந்து வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறார். கிழக்கே மின்னுகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்ப் படுக்கிறார். பயம் அவரை விட்டுப் போகவில்லை. விதைப்பதையும் அது நிறுத்தவில்லை.

புரட்டாசி, அக்காவின் போன்

மதுரையிலிருந்து அக்கா பேசினாள். கழுத்தில் இருந்த கட்டியிலிருந்து திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரச் சில நாள் ஆகும்.

“கெட்டதுன்னு சொல்லிட்டாக்கூடப் பரவால்லடா. இப்படி ஒண்ணும் தெரியாம உக்காந்திருக்கிறதுதான் தாங்க முடியல.”

இதைக் கேட்டதும் ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் செய்தது, 2016-ல் வெளியானது. 45 பேரைக் கணினி முன் உட்காரவைத்து ஒரு விளையாட்டு ஆடச் சொன்னார்கள். திரையில் பாறைகள் வரும். இந்தப் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கிற மாதிரி மின்சாரம் பாயும். எந்தப் பாறையில் எவ்வளவு வாய்ப்பு என்பது மாறிக்கொண்டே இருக்கும். வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்தார்கள். மின்சாரம் நிச்சயம் பாயும் என்று தெரிந்த நேரத்தில் உடம்பு ஓரளவு அமைதியாக இருந்தது. பாயலாம், பாயாமலும் போகலாம், சரிபாதி வாய்ப்பு என்றிருந்த நேரத்தில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது.

நிச்சயமான வலியைவிட நிச்சயமில்லாத வலி உடம்புக்குக் கடினமாக இருக்கிறது. அக்கா பலவீனமானவள் என்பதால் தவிக்கவில்லை. மனித உடம்பு அப்படித்தான் இருக்கிறது. இதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அப்போ எனக்கு மட்டும் இல்லையா” என்றாள். பிறகு, “நீ வர்றியா?” என்று கேட்டாள்.

மதுரை, அக்கா வீடு

அக்கா தூங்கிய பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். இதே ஊரில் இன்னொரு மாடி நினைவுக்கு வந்தது. மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்துக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதம், அந்த வீட்டு மாடி அறையில் வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையனைத் திடீரென்று மரண பயம் பிடித்தது. உடம்புக்கு ஒரு நோயும் இல்லை. வைத்தியரையோ வீட்டுப் பெரியவர்களையோ அவன் கூப்பிடவில்லை. தரையில் நீட்டிப் படுத்து, கைகால்களைப் பிணம் போல விறைப்பாக வைத்துக்கொண்டு, வாயை மூடி மூச்சை அடக்கி, ‘சாவு வந்துவிட்டது, சாவது எது?’ என்று உள்ளே பார்த்தான். ஏறத்தாழ ஆறு வாரம் கழித்து வீட்டை விட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1-ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். பின்னால் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது.

அந்தப் பையனுக்கு நிகழ்ந்தது எனக்கு நிகழும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவன் திரும்பிய திசையை யாரும் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பயம் வந்தால் நாம் அதற்கு எதிர்ப்புறமாக ஓடுகிறோம்: போனை எடுக்கிறோம், பேச்சை மாற்றுகிறோம், இணையத்தில் நோயின் பெயரைப் போட்டு விடியும்வரை படிக்கிறோம். அவன் அதன் பக்கம் திரும்பி, இது என்ன என்று பார்த்தான்.

மாடியில் நானும் சற்று நேரம் அப்படிப் பார்த்தேன். பயம் எங்கே இருக்கிறது? தொண்டைக்குக் கீழே ஓர் இறுக்கம். வயிற்றில் ஒரு குளிர்ச்சி. மூச்சு பாதியில் நிற்கிறது. அவ்வளவுதான் உடம்பில் இருந்தது. மீதியெல்லாம் படங்கள்: ஆஸ்பத்திரிக் கட்டில், அக்கா இல்லாத வீடு, அவள் பிள்ளைகளின் முகம். இறுக்கம் இப்போது இருக்கிறது. படங்களில் ஒன்றுகூட இன்னும் நடக்கவில்லை. இரண்டையும் பிரித்துப் பார்த்ததும் பயம் போய்விடவில்லை. தாங்கக்கூடிய அளவுக்கு வந்தது.

மதுரை, முடிவு வந்த நாள்

கட்டி கெட்டதுதான், ஆனால் ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது என்றார் மருத்துவர். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

தெரிந்துவிட்டால் நிம்மதி என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். தெரிந்துவிட்டது. உடனே அடுத்த கேள்விகள் வரிசையாக வந்து நின்றன. எப்போது அறுவை? குரல் பாதிக்குமா? திரும்ப வருமா? மகளின் கல்யாணத்தைத் தள்ளிவைப்பதா? ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்த இடத்தில் நான்கு கேள்விகள் முளைத்திருந்தன.

எல்லாம் தெரிந்த ஒரு நாள் வரும், அன்றிலிருந்து பயமில்லாமல் வாழலாம் என்று உள்ளுக்குள் ஓர் எண்ணம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அப்படி ஒரு நாள் யாருக்கும் வந்ததில்லை. தெரியாமை நாம் கடந்துபோக வேண்டிய ஓர் ஊர் என்று நினைப்பதால்தான் இவ்வளவு அவசரப்படுகிறோம். நாம் அங்கேதான் குடியிருக்கிறோம்.

ஐப்பசி பிறக்கும் முன்

சித்திரை முதல் நாள் ஊர்க்கோயிலில் பஞ்சாங்கம் வாசிப்பார்கள். இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் கடலில் இவ்வளவு, மலையில் இவ்வளவு, நிலத்தில் இவ்வளவு என்று கணக்குச் சொல்வார்கள். இப்போது கையிலிருக்கும் போன் மணிக்கு மணி சொல்கிறது. இரண்டிடமும் நாம் கேட்பது ஒன்றைத்தான்: நடக்கப்போவதை இப்போதே சொல்லிவிடு.

எவ்வளவு முன்னால் சொல்ல முடியும் என்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட்வர்ட் லோரன்ஸ் கணினியில் ஒரு சிறு வானிலை மாதிரியை ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு கணக்கை மறுபடி பார்க்க விரும்பி, பாதியிலிருந்து எண்களைத் திரும்பப் போட்டார். இயந்திரத்துக்குள் இருந்தது 0.506127. அச்சிட்ட தாளில் இருந்தபடி அவர் போட்டது 0.506. இரண்டு கணக்கும் கொஞ்ச தூரம் சேர்ந்து போயின. பிறகு ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வானிலைகளாகப் பிரிந்துவிட்டன. தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய வித்தியாசமும் போகப் போகப் பெருகிவிடும். அதனால் ஒரு குறிப்பிட்ட நாளின் வானிலையை ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு மேல் முன்கூட்டிச் சொல்வது மிகக் கடினம் என்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட வானிலை அறிஞர்கள் கையை விரித்துவிடவில்லை. தொடக்க எண்களைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, ஒரே மாதிரியைப் பலமுறை ஓட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். ஐரோப்பிய வானிலை மையம் 1992 முதல் இப்படிச் செய்கிறது. இன்று ஒவ்வொரு முறையும் ஐம்பதுக்கு மேற்பட்ட கணக்குகளை ஓட்டுகிறது. எல்லாம் ஒரே பக்கம் போனால் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் பிரிந்தால், ‘வாய்ப்பு உள்ளது’ என்கிறார்கள். முன்பெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டால் எரிச்சல் வரும். இப்போது அதில் ஒரு நேர்மையைக் காண்கிறேன். தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று அளந்து சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

நனைத்துக் காயவைத்தது

புழுதியில் விதைப்பதற்கு முன் விதை நெல்லைக் கடினப்படுத்தச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஒரு சதவீதப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, பழைய ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்து விதைக்க வேண்டும். சித்தப்பா இதைச் செய்கிறார். வீட்டுத் திண்ணையில் சாக்கை விரித்து நெல்லைப் பரப்பி, அடிக்கடி கையால் கிளறிவிடுவார். ஊறிய நெல் முதலில் கையில் ஒட்டும். உலர உலர விரலிடுக்கில் சலசலவென்று ஓடத் தொடங்கும். அந்தச் சத்தம் வந்தால் அள்ளிவிடலாம்.

ஊறும்போது விதைக்குள் முளைப்பதற்கான வேலைகள் தொடங்கிவிடுகின்றன. வேர் வெளிவருவதற்கு முன்னால் உலர்த்திவிட்டால் விதை சாவதில்லை. தொடங்கிய வேலை உள்ளே அப்படியே நிற்கிறது. பிறகு கொஞ்சம் ஈரம் கிடைத்தாலும் விதை சீக்கிரமாக, ஒன்றுபோல முளைக்கிறது. வறட்சியையும் கூடுதலாகத் தாங்குகிறது.

பயத்தோடு பழகுவதும் இப்படித்தான் இருக்க முடியும் என்று தோன்றுகிறது. கடலைக் கண்டு நடுங்குகிற குழந்தையைத் தூக்கி அலையில் போட்டால் ஆயுளுக்கும் நடுங்கும். கணுக்கால் நனையும் இடத்தில் சற்று நேரம் நிற்க வைத்து, திரும்ப மணலுக்குக் கூட்டிவர வேண்டும். பயத்துக்குச் சிகிச்சை தருகிற மனநல மருத்துவர்களும் சிறுகச் சிறுக எதிர்கொள்ளத்தான் பழக்குகிறார்கள். தெரியாத தெரு வழியாக ஒரு நாள் வீட்டுக்கு வருவது. முடிவு தெரியாத ஒரு வேலையை எடுத்துக்கொள்வது. பதில் வராத ஒரு கடிதத்தை வராததாகவே விட்டுவைப்பது. இந்தச் சின்ன நனைவுகள் பெரிய சோதனைக்கு நம்மைத் தயார் செய்கின்றன.

குதிரில் இருக்கும் நெல்

எல்லா விதையையும் சித்தப்பா விதைத்துவிடுவதில்லை. மறுவிதைப்புக்கென்று ஒரு பங்கு வீட்டில் இருக்கிறது. விதைத்தது கருகிப்போனால், காலம் மிச்சமிருந்தால், இன்னொரு முறை விதைக்க. மிளகாய் போடுகிற கொல்லையிலும் ஊடே கொத்தமல்லி விதைக்கிறார். ஒன்று கைவிட்டால் ஒன்று கைகொடுக்கும்.

பாலைவனச் செடிகளும் இதைச் செய்கின்றன. மழை எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் ஒரு பருவம் மட்டுமே வாழும் செடிகளின் விதைகள், நல்ல மழை பெய்தாலும் எல்லாம் ஒரே ஆண்டில் முளைப்பதில்லை. ஒரு பகுதி எழுகிறது; ஒரு பகுதி மண்ணிலேயே உறங்குகிறது. எழுந்தவை காய்ந்து போனாலும் வம்சம் அழியாது. டான் கோஹன் என்ற அறிவியலாளர் 1966-ல் இதற்குக் கணிதம் எழுதினார்: நல்ல ஆண்டு வரும் வாய்ப்பு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு அதிகம் விதைகளை உறங்கவைப்பது நல்லது.

ஏற்றுக்கொள்வது என்றால் தலைவிதி என்று சும்மா இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். துணிவு என்றால் இருப்பதையெல்லாம் ஒரே வீச்சில் இறைத்துவிடுவது என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். சித்தப்பாவிடம் இரண்டும் இல்லை. ஒரு பங்கைப் புழுதியில் போட்டிருக்கிறார், ஒரு பங்கைக் குதிரில் வைத்திருக்கிறார். இந்த இரண்டும் சேர்ந்துதான் அவரை ராத்திரி திரும்பப் போய்ப் படுக்கவைக்கிறது.

மறக்கக் கூடாதது

இந்தப் பக்கங்களைத் திரும்பப் படித்தபோது ஒன்றை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும் என்று பட்டது. நிச்சயமின்மை எல்லோர் மேலும் ஒரே எடையில் இறங்குவதில்லை.

2015-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 53 சதவீதம் அதிகம். சென்னை மூழ்கியது. அடுத்த ஆண்டே 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தப் பருவத்தில் எங்கள் பக்கம் புழுதியில் போட்டது புழுதியிலேயே போனது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அது அங்கே ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். இப்படிப்பட்ட வானத்தின் கீழே, சொந்த நிலமும் வெளியூரில் சம்பளம் வாங்கும் மகனும் உள்ளவருக்கு ஒரு பருவம் போனால் ஒரு பருவம்தான் போகிறது. குத்தகைக்கு எடுத்து, நகையை அடகு வைத்து விதைத்தவருக்கு வீடே ஆட்டம் காண்கிறது.

ஆகவே, ‘தெரியாததைத் தழுவிக்கொள்’ என்று அடுத்தவரிடம் சொல்வதற்கு முன், அவர் வீட்டில் மறுவிதைக்கு நெல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாதவரிடம் துணிவைப் பற்றிப் பேசுவது கொடுமை. பயிர்க் காப்பீட்டுப் பணம் காலத்தில் கைக்கு வருவது, மருத்துவச் செலவுக்கு அரசு துணை நிற்பது, கண்மாயைக் காலாகாலத்தில் தூர்வாருவது, இவையெல்லாமும் பயத்தைப் போக்கும் வேலைகள்தான். தியானத்தால் செய்ய முடியாததை இவை செய்கின்றன.

ஐப்பசி

விதை கருகிப்போன வருஷங்களில் ஊரில் என்ன செய்தீர்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன்.

“யாரு வீட்ல மிச்சம் இருக்கோ அவங்ககிட்ட வாங்கி விதைப்போம். வெளஞ்சதும் அளந்து குடுத்திருவோம். வெளையலைன்னா அடுத்த வருசம். கேக்கமாட்டாங்க.”

“கேக்கவே மாட்டாங்களா?”

“அவங்களுக்கு ஒரு வருசம் வராமலா போகும்?”

இதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. எனக்கு இது போதும். நாளை என்ன ஆகும் என்று இவர்களில் யாருக்கும் தெரியாது. ஆனதைத் தனியாகச் சுமக்க வேண்டியிராது என்பது தெரியும். இந்த இரண்டாவது அறிவு இருந்தால் முதல் அறிவு இல்லாமலும் மனிதன் இறங்கி விதைக்கிறான். அக்கா அன்று போனில் கடைசியாகக் கேட்டது முடிவு என்னவாக இருக்கும் என்று அல்ல.

அடுத்த வாரம் அவளுக்கு அறுவை சிகிச்சை. என்ன ஆகும் என்று மருத்துவருக்கே முழுக்கத் தெரியாது. அவர் அதை மறைக்கவும் இல்லை. நான் லீவு போட்டிருக்கிறேன். அத்தான் ரத்தத்துக்கு இரண்டு பேரை ஏற்பாடு செய்துவிட்டார். மகளின் கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று.